என் வரிசையில் முதலிடம் டெட்ரிஸுக்கு



முதலிடம் டெட்ரிஸுக்கு. அடுத்தது பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. பிறகு ஜர்னி, சூப்பர் மாரியோ பிரதர்ஸ், வெண்பா, பேப்பர்ஸ் ப்ளீஸ். இதுவரை ஆடியதில் மிகப் பிடித்த வீடியோ கேம்களை வரிசைப்படுத்தச் சொன்னால் இந்த ஆறையும் இதே வரிசையில்தான் சொல்வேன். முடிவை முதலிலேயே உடைத்துவிட்டதால் இனி காரணங்களை நிதானமாகப் பேசலாம்.

கோடை விடுமுறை இதழில் இதை எழுதக் காரணம் உண்டு. சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் இசைக்கும் நம் பக்கங்களில் எப்போதும் இடம் இருந்திருக்கிறது. வீடியோ கேம் மட்டும் கவலையாகவே வந்திருக்கிறது: கண் கெடுகிறது, படிப்பு கெடுகிறது, பணம் போகிறது. அந்தக் கவலைகளைத் தள்ளிவிட முடியாது. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு நொடித்த குடும்பங்களைப் பற்றிய செய்திகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பிள்ளையின் கையில் இருக்கும் போனில் நாணயம், வைரம், பரிசுப் பெட்டி என்று எதையாவது விற்றுக்கொண்டே இருக்கும் ஆட்டங்களும் ஏராளம். அவற்றின்மீது எனக்கும் கோபம் உண்டு. அந்தக் கோபத்தில், ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அக்கறையோடு உருவாக்கிய ஆட்டங்களையும் சேர்த்து ஒதுக்கிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். சிறந்த பத்துப் படங்கள் என்று யாராவது ஆரம்பித்தால் விடிய விடியச் சண்டை போடுகிறோம். அதே அக்கறை ஆட்டங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

என் அளவுகோல் ஒன்றுதான். கதையைப் படிக்கிறோம், படத்தைப் பார்க்கிறோம். ஆட்டத்தில் நாமே செய்கிறோம். அந்தச் செய்கையில் பொருள் இருக்கிறதா? நடுநடுவே வரும் வசனத்தையும் வீடியோவையும் எடுத்துவிட்டாலும், விரல்கள் செய்ததிலிருந்து மனசுக்கு ஏதாவது பிடிபடுகிறதா? பிடிபட்டால் அது பெரிய ஆட்டம்.

டெட்ரிஸில் எடுத்துவிட ஒன்றுமே இல்லை. கதை, நாயகன், வில்லன் எதுவும் கிடையாது. 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது அது. பென்டோமினோ என்ற புதிர் அவருக்குப் பிடிக்கும். ஐந்தைந்து சதுரங்கள் ஒட்டிய 12 துண்டுகளை ஒரு பெட்டிக்குள் இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். அதைக் கணினிக்குள் கொண்டுவரப் பார்த்தவர், ஐந்து சதுரத்தை நான்காகக் குறைத்தார். துண்டுகள் ஏழாகிவிட்டன. அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினி எழுத்துகளை மட்டுமே காட்டும், படம் வரையாது. அதனால் சதுர அடைப்புக்குறிகளையே செங்கல்லாக வைத்துக்கொண்டார். துண்டுகளை மேலிருந்து விழவிட்டுப் பார்த்தால், கொஞ்ச நேரத்தில் திரை நிரம்பி ஆட்டம் முடிந்துபோனது. நிரம்பிய வரியை அழித்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அந்த ஒரு யோசனைதான் டெட்ரிஸ்.

எளிமையைப் பாராட்டி இதற்கு முதலிடம் கொடுக்கவில்லை. இந்த ஆட்டத்துக்குள் ஒரு நாடகம் நடக்கிறது; அதை எழுதியவர் ஆடுபவரே. நான்கு வரிகளை ஒன்றாக அழித்தால் மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும். அதற்கு ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு, அந்த நீளக் கட்டைக்காகக் காத்திருக்க வேண்டும். கட்டை வருவதாக இல்லை. சுவர் உயர்கிறது. ஆசையை விட்டுவிட்டு வேறு துண்டால் பத்தியை அடைப்பதா, இன்னும் ஒரு துண்டு பார்ப்பதா? பொறுமைக்கும் பேராசைக்கும் நடுவில் இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை இவ்வளவு சீக்கிரத்தில் உணர்த்தும் வேறொன்றை நான் அறியேன். ஒருவர் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவருடைய சுபாவம் தெரிந்துவிடும்.

இந்த ஆட்டம் நம் ஊருக்கு வந்த வழியும் எனக்குப் பிடிக்கும். வாதிம் கெராசிமோவ் என்ற 16 வயது மாணவர் அதை ஐபிஎம் கணினிக்கு மாற்றிக்கொடுத்தார். ஃப்ளாப்பியிலிருந்து ஃப்ளாப்பிக்கு நகலாகி அது மாஸ்கோவைத் தாண்டியது. 1989இல் ஹென்க் ரோஜர்ஸ் என்ற வீடியோ கேம் வெளியீட்டாளர் நேரில் மாஸ்கோவுக்கே போய், கையடக்கக் கருவிக்கான உரிமையை வாங்கிவந்தார். நின்டெண்டோவின் கேம் பாயோடு சேர்ந்து உலகம் சுற்றியது. நம்மில் பலருக்கு அது 90களில் பொருட்காட்சிகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்ற சாம்பல் திரை பிரிக் கேமாக வந்து சேர்ந்தது. பேட்டரி தீரும்வரை அம்மாக்கள் ஆடினார்கள், அதன் பிறகே பிள்ளைகள் கைக்குப் போனது என்ற வீடுகளை எனக்குத் தெரியும். 1993இல் செரெப்ரோவ் என்ற ரஷ்ய விண்வெளி வீரர் டெட்ரிஸை மிர் விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனார். இவ்வளவு நடந்தும், அரசின் சொத்தாக இருந்த அந்த ஆட்டத்திலிருந்து பஜித்னோவுக்கு உரிமைத்தொகை வரத் தொடங்கியது 1996இல்தான்.

இன்னும் ஒன்று. 1989இல் வந்த நின்டெண்டோ பதிப்பை, 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் 157ஆம் லெவல் வரை கொண்டுபோய், நிரலே தாங்காமல் உறைந்து நிற்கும்படி செய்தான். அதுவரை மனிதர் எவரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. தான் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஆட்டத்தில் ஒரு சிறுவன் புதிய எல்லையைக் காண்கிறான் என்றால், அதற்கு முதலிடம் கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது?

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. தட்டச்சுப் பயிலகங்கள் பலவும் கணினி மையங்களாக மாறிக்கொண்டிருந்த 90களில், கும்பகோணத்தில் டாஸும் ஃபாக்ஸ்ப்ரோவும் படிக்கப் போன எங்களுக்கு வகுப்பு முடிந்தபின் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் காத்திருப்பார்கள். ஒருவர் டேவ்: ஜான் ரொமேரோ உருவாக்கிய டேஞ்சரஸ் டேவ், கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடும் சின்னப் பையன். இன்னொருவர் இந்த வெள்ளை உடை இளவரசன். டேவ் கட்டம் கட்டமாகத் துள்ளுவான். இளவரசனோ மனிதனைப் போல ஓடினான். ஓடி வந்தவன் நிற்க நினைத்தால் கால் சறுக்கி நின்றான். விளிம்பைப் பிடித்துத் தொங்கி, உடம்பை இழுத்து மேலே ஏறினான். அந்தத் திரையில் நாங்கள் அதற்கு முன் அப்படி ஓர் உடலைப் பார்த்ததில்லை.

அது உண்மையிலேயே ஒரு மனித உடல். ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் ஏறவும் வைத்து வீடியோ எடுத்தார். அதைச் சட்டம் சட்டமாக நிறுத்திப் படம் பிடித்து, கோடு வரைந்து, ஆப்பிள் 2 கணினிக்குள் ஏற்றினார். வாள்சண்டைக்கு 1938இல் வந்த ராபின் ஹூட் திரைப்படத்தின் சண்டைக்காட்சி உதவியது. இசை அமைத்தவர் அவருடைய அப்பா. ஒரு குடும்பமே சேர்ந்து செய்த படைப்பு இது.

இதற்கு இரண்டாம் இடம் வாங்கிக் கொடுத்தது நிழல். வேலை முக்கால்வாசி முடிந்த நிலையில், இளவரசனுக்கு எதிரி வேண்டும் என்று உடனிருந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக ஓர் ஆளை வரைந்து வைக்கக் கணினியின் நினைவகத்தில் இடம் இல்லை. இளவரசனின் படங்களையே எடுத்து, ஒரு சின்னக் கணக்கின் மூலம் உருவம் மினுங்கலாகத் தெரியும்படி செய்தார் மெக்னர். இடம் எடுத்துக்கொள்ளாத எதிரி கிடைத்துவிட்டான். ஆட்டத்தில் ஓரிடத்தில் ஒரு கண்ணாடி வழியை மறித்து நிற்கும். ஓடிவந்து அதன் ஊடே பாய வேண்டும். பாய்ந்ததும் மறுபக்கம் இன்னொருவன் பிரிந்து ஓடுவான். அதற்குப் பிறகு அவன் நமக்குரிய மருந்தை முந்திவந்து குடித்துவிடுகிறான். நம்மைப் பள்ளத்தில் விழவைக்கிறான். கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்கிறான். அவனைக் குத்தினால் நம் உயிர் குறைகிறது. குத்திக்கொண்டே போனால் இருவரும் சாகிறோம்.

என்ன செய்ய வேண்டும் என்று திரை சொல்லாது. அதுவரை பார்த்தவர்களையெல்லாம் வெட்டிப் பழகிய கை, அங்கே வாளை உறையில் போட வேண்டும். போட்டால் அவனும் போடுகிறான். இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடி ஒன்றாகிவிடுகிறார்கள். அந்தப் பொத்தானை முதன்முதலாக அழுத்தியவனுக்குக் கிடைக்கும் புரிதலை எந்த வசனமும் தந்திருக்காது. இடம் போதாமல் பிறந்த நிழல் இந்த ஆட்டத்தின் மையமாக மாறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1989இல் ஆட்டம் வெளிவந்தபோது ஆப்பிள் 2இன் காலம் முடிந்துகொண்டிருந்தது. முதலில் சரியாக விற்கவில்லை. வேறு கணினிகளுக்கு மாற்றப்பட்ட பிறகே அது உலகத்துக்குத் தெரிந்தது. அதன் மூல நிரல் இருந்த ஃப்ளாப்பிகளைத் தொலைந்தவை என்றே மெக்னர் நினைத்திருந்தார். 2012இல் அப்பா வீட்டில் ஒரு பெட்டிக்குள் அவை கிடைத்தன. மீட்டெடுத்த நிரலை எல்லோரும் படிக்கும்படி அவர் பொதுவில் வைத்தார். நிரல் எழுதும் இளைஞர்கள் நம் வாசகர்களில் நிறைய உண்டு. ஒருமுறை அதைப் பிரித்துப் பாருங்கள்.

2012இல் வந்த ஜர்னிக்கு மூன்றாம் இடம். ஜெனோவா சென்னும் அவர் குழுவினரும் செய்தது. பாலைவனத்தில், தூரத்து மலையை நோக்கி, சிவப்பு அங்கி அணிந்த ஓர் உருவமாக நடக்கிறோம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வழியில் இன்னொரு சிவப்பு உருவம் எதிர்ப்படும். அது உலகத்தின் ஏதோ மூலையில் இதே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் முகம் தெரியாத ஒருவர். பெயர் தெரியாது. பேச முடியாது, எழுதவும் முடியாது. சின்னதாக ஓர் ஒலி எழுப்பலாம், அவ்வளவுதான். இந்த ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது ஒருவரை ஒருவர் தள்ள முடியும்படி வைத்திருந்தார்களாம். ஆடிப் பார்த்தவர்கள் துணைக்கு வந்தவரைப் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்திருக்கிறார்கள். அப்போது சென்னின் குழுவினர் ஆடியவர்களைக் குறை சொல்லவில்லை. தள்ளும் வசதியை எடுத்துவிட்டார்கள். தொட்டால் இருவருக்கும் பறக்கும் சக்தி ஏறும் என்று மாற்றினார்கள். அதே மனிதர்கள் பனிப்புயலில் ஒருவரோடு ஒருவர் ஒட்டி நடக்கத் தொடங்கினார்கள். இணையத்தில் மனிதர்கள் இவ்வளவு கடுமையாக நடந்துகொள்கிறார்களே என்று கவலைப்படும் எவரும் இந்த ஒரு மாற்றத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்டின் வின்டரியின் இசையைத் தனியாகவும் கேட்கலாம். கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் வீடியோ கேம் இசைத்தொகுப்பு அதுதான்.

மாரியோ நான்காவதா என்று சண்டைக்கு வருபவர்கள் இருப்பார்கள். வாருங்கள். ஆட்டம் கற்பிக்கும் கலையில் அதற்கு மேல் ஒன்று இல்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் லெவலை நினைவுபடுத்திப் பாருங்கள். மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. போக வேண்டிய திசை தெரிந்துவிடுகிறது. எதிரே ஒரு காளான் பூதம் முறைத்துக்கொண்டு வருகிறது. தாண்டத் தோன்றுகிறது. தாண்டும்போது தலைக்குமேல் மின்னும் கேள்விக்குறிக் கட்டம் இடிபட்டு நாணயம் வருகிறது. அடுத்த கட்டத்திலிருந்து ஒரு காளான் வெளியே வருகிறது. எதிரியைப் போலவே இருக்கிறதே என்று ஓடினாலும், அது குழாயில் முட்டித் திரும்பி நம்மிடமே வருகிறது. மேலே கட்டைகள் இருப்பதால் தாண்டித் தப்பிப்பதும் கஷ்டம். வேறு வழியில்லாமல் தொட்டுவிடுகிறோம், மாரியோ வளர்கிறான். லெவலின் கடைசியில், முதலில் தரையுள்ள பள்ளம் ஒன்று வருகிறது. விழுந்தால் ஏறிக்கொள்ளலாம். அதற்கு அடுத்தது அடியில்லாத பள்ளம். ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் ஒரு வார்த்தை எழுதாமல் பாடம் நடத்தி முடித்துவிட்டார்கள்.

அந்தப் பாடத்துக்கு நம் பிள்ளைகளைவிட நல்ல சாட்சி கிடையாது. நம் வீடுகளுக்கு மாரியோ வந்தது ஜப்பானியப் பெட்டியில் அல்ல; டிவியில் சொருகி ஆடும் நகல் கருவிகளில். கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே அதே சில ஆட்டங்கள் திரும்பத் திரும்ப வரும். விளக்கப் புத்தகம் கிடையாது. இருந்திருந்தாலும் நமக்குப் புரிகிற மொழியில் இருந்திருக்காது. கேசட்டை எடுத்து வாயால் ஊதிச் சொருகிய ஏழு வயதுக் குழந்தை, யாரும் சொல்லித்தராமல் அரை மணி நேரத்தில் அத்தனை விதிகளையும் கற்றுக்கொண்டது. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேகமும் புதரும் ஒரே படம். நிறம் மட்டும் வேறு. இடத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தெரிந்தவர்களின் கைவண்ணம் அது.

ஐந்தாம் இடத்தில் இருக்கும் வெண்பாவை, தமிழ் என்பதற்காகச் சேர்த்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். டொரொன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட சின்ன ஆட்டம். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கேயே பிறந்து வளரும் மகன் கவின். அம்மாவிடமிருந்து வந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விடுபட்ட இடங்களை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி மாற்றி மாற்றி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்பது முதல் புதிர். பக்கத்தில் நின்ற என் மனைவி திரையைப் பார்த்த மாத்திரத்தில் விடை சொல்லிவிட்டார். அடுக்களை அறிவு வெற்றி தரும் ஆட்டம் ஒன்று வரும் என்று நான் நினைத்ததில்லை. மகனாக ஆடும் பகுதியில் அதே குறிப்பைத் தடுமாறித் தடுமாறித்தான் படிக்க முடிகிறது. தாய்மொழி நழுவிப்போவதைப் பற்றி எத்தனையோ கட்டுரைகளை நாம் வெளியிட்டிருக்கிறோம். இங்கே அந்த இழப்பு, அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது அடுத்து எதைப் போடுவது என்று தெரியாமல் நிற்கும் கையின் தவிப்பாக வருகிறது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதும், புதிர்கள் எளிதாக இருப்பதும்தான் இதை இன்னும் மேலே வைக்கவிடாமல் தடுக்கின்றன.

பேப்பர்ஸ் ப்ளீஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்களே ஆடிப் பார்க்க வேண்டியது. லூகாஸ் போப் 2013இல் உருவாக்கினார். 1982ஆம் ஆண்டு, கற்பனை நாடு ஒன்றின் எல்லைச் சாவடியில் நாம் அதிகாரி. காகிதங்களைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைப் பார்த்தோமோ அத்தனைக்குத்தான் கூலி. அதில்தான் வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. ஒரு கணவர் சரியான தாள்களோடு கடந்து போகிறார். பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. அவளை விட்டால் நமக்கு எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகள் கூடினால் கூலியில் பிடித்தம். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். நல்லவன் என்று தன்னை நினைத்துக்கொள்ளும் ஒருவர் எப்படி மெல்ல மெல்லக் கொடுமையின் உறுப்பாகிறார் என்பதைச் செய்யவைத்தே காட்டுகிற ஆட்டம். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற ஈழத்து வாசகர்கள் நம் இதழுக்கு உண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைக்கும் இந்த ஆட்டம் அவர்களுக்கு எப்படிப் படும் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

இடம் பெறாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் ஆடிய ரோட் ரேஷும் வைஸ் சிட்டியும் எனக்கு நட்பின் நினைவுகள். நண்பர்களைக் கழித்துவிட்டால் அவற்றில் மிஞ்சுவது குறைவு. கான்ட்ராவில் முப்பது உயிர் வாங்கித்தரும் மேல்-மேல்-கீழ்-கீழ்-இடம்-வலம்-இடம்-வலம் இன்றும் விரல்களுக்கு மனப்பாடம், ஆனாலும் அது ஏழாவதுதான். பதினாறு பூதங்களை ஒவ்வொன்றாகக் கொன்று, ஒவ்வொரு முறையும் துக்கப்படவைக்கும் ஷேடோ ஆஃப் த கலோசஸை வெளியே வைத்ததுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது.

இனி உங்கள் முறை. உங்கள் வரிசையை எழுதி அனுப்புங்கள். ஆறு, பத்து என்று எண்ணிக்கைக் கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஏன் அந்த இடம் என்று சில வரிகள் வேண்டும். எந்த ஊரில், எந்தக் கருவியில், யாரோடு ஆடினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அண்ணன் ஆடி முடித்த பிறகே ரிமோட் கைக்கு வந்த தங்கைகளிடமிருந்தும், பிரிக் கேமில் வீட்டிலேயே அதிக ஸ்கோர் எடுத்த அம்மாக்களிடமிருந்தும் கடிதங்களைக் குறிப்பாக எதிர்பார்க்கிறேன். பிள்ளைகள் இப்போது என்ன ஆடுகிறார்கள் என்று தெரியாத பெற்றோர், இந்த விடுமுறையில் ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு லெவல் ஆடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வரும் கடிதங்களுக்காக அடுத்த இதழில் நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்